செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி

அவர்கள் கேட்டது ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எங்கள் கள மருத்துவமனைப் பிரிவை வேறு பிரிவுகளோடு சேர்த்துப் புதுப் பெயர் வைக்கிறார்கள். பழைய பெயர் இனிப் பாவனையில் இருக்காது. அதற்காக ஒரு நினைவு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அங்கே இப்போது பணியாற்றும் ஒரு பெண் மேஜர் தொலைபேசியில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எப்போது சேர்ந்தேன், எந்தப் பதவியில் ஓய்வு பெற்றேன், எங்கெங்கே போய் வேலை செய்தேன் என்பதெல்லாம் அந்தப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அனுப்பிய பிறகு குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போதுதான், எழுத வேண்டிய ஒன்றையும் எழுதவில்லை என்று பட்டது. மிச்சம் தமிழில்தான் வரும் போலிருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் படித்த தாதி. சத்திரசிகிச்சைக் கூடத்தில்தான் என் வேலை. மின்சாரம் இல்லாத காலம் அது. ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தேடி, ஒருமுறை பாவித்த கையுறையைக் கழுவிக் காயவைத்துப் பவுடர் போட்டு மறுபடி பாவித்து, அப்படித்தான் பழகினேன். பிறகு சிட்னிக்கு வந்து, பரீட்சைகள் எழுதி, மேற்கு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே எல்லாம் இருந்தது. கையை நீட்டினால் பொருள் வந்தது. நல்ல இடம்தான், நல்ல மனிதர்கள்தான். ஆனால் எனக்குத் தெரிந்தவற்றில் பாதி இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

என்னோடு வேலை செய்த ஜோன் என்ற தாதி இந்த நாட்டு இராணுவத்தின் ரிசேர்வ் படையில் இருந்தாள். வாரநாளில் சொந்த வேலை, செவ்வாய்க்கிழமை மாலையில் பயிற்சி, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் ஒரு முகாம். ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போனாள். பழைய செங்கல் கட்டடம், தகரக் கூரை. நடைவழிச் சுவரில் இந்தப் பிரிவின் சரித்திரம் படங்களாகத் தொங்கியது. பாலைவனத்தில் கூடாரங்கள், காட்டுக்குள் கூடாரங்கள், சாம்பல் நிறச் சால்வை போட்ட தாதிமார் வரிசையாக நிற்கும் படம். பெரிய யுத்தங்களில் சிட்னி ஆஸ்பத்திரிகளிலிருந்து வைத்தியர்களும் தாதிகளும் கிளம்பிப்போய் உருவாக்கியது என்று ஜோன் சொன்னாள். நான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு படத்தில், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் கையுறைகள் காயப்போட்டிருந்தன. அந்த இடத்திலேயே நான் சேர்வதென்று முடிவாகிவிட்டது.

வீட்டில் சொன்னபோதுதான் பிரச்சினை தொடங்கியது. அம்மா எங்களோடு பென்டில் ஹில் வீட்டில் இருந்தார். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல மாதங்களுக்குப் பிறகு திரும்பி வந்தான். ஒரு காது கேட்காது. இப்போது கனடாவில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறான். அம்மாவைப் பொறுத்தவரை அவன் திரும்பி வந்தது வேறு விஷயம், கொண்டுபோனது வேறு விஷயம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்து எழும்பவேயில்லை.

"எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதான் பிள்ளை," என்றார். "உனக்கு வேலை செய்ய வேற இடமே இல்லையே?"

இது ஆஸ்பத்திரி அம்மா, காயப்பட்ட ஆட்களைப் பார்க்கிற வேலை என்றேன். நான் முதன்முதல் சீருடையைப் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்த நாளில் அம்மா எழும்பிப் போய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு நான் சீருடையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கராஜில் ஒரு இரும்பு அலுமாரி வைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் சாதாரண உடுப்போடு "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டு கிளம்பி, கராஜில் பையை எடுத்து, அங்கே போய் மாற்றிக்கொள்வேன். நான் எங்கே போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். அவர் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை. அப்படியே வருடங்கள் போயின.

எங்கள் பிரிவின் தளபதி கேணல் மெரிடித். வாரநாட்களில் சிட்னியில் சத்திரசிகிச்சை நிபுணர். மெலிந்த, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய பிடிவாதங்கள் சிலதான், ஆனால் அவற்றில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்குள் யாரும் ஓடக்கூடாது. நீ ஓடினால் படுத்திருப்பவன் பயப்படுவான் என்பார். மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளியின் முழுப் பெயரையும் கேணலே சொல்ல வேண்டும், நோயாளி ஆமென்று சொல்ல வேண்டும். பெயரைப் பிழையாக உச்சரித்தால் திருத்தச் சொல்லிக் கேட்டு, சரியாக வரும்வரை விடமாட்டார்.

என் பெயருக்கும் அதுதான் நடந்தது. பத்மாவதி சிவகுருநாதன். சட்டையில் தைக்கும் பெயர்ப்பட்டியில் அது அடங்கவில்லை. களஞ்சியத்தில் இருந்த சார்ஜன்ட், 'சிவா' என்று சுருக்கிவிடலாமே என்றார். எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தப் பக்கம் வந்த கேணல் நின்று, என்னிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம், நீளமான பட்டி எடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பட்டி என் சட்டைப் பையைத் தாண்டி அக்குள்வரை போனது. முகாமில் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் சமையற்காரர் கென், என் பெயரை வாசித்து முடிக்குமுன் சாப்பாடு ஆறிவிடுகிறது என்பார்.

முகாம்கள் ஹன்டர் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கும். வெறும் புல்வெளியில் லொறிகள் போய் நிற்கும். முதலில் தரைவிரிப்பு, பிறகு இரும்புச் சட்டங்கள், அதன்மேல் கூடாரத் துணி, உள்ளே வெள்ளைத் துணி, கடைசியாக விளக்குகள். நிபுணர், தாதி, சாரதி என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கயிறு பிடிப்போம். கூடாரம் எழும்பியதும் சத்திரசிகிச்சைக் கூடம் என் பொறுப்பு. கருவிகளை அவித்து, தட்டுகளில் அடுக்கி, துணியால் மூடி வைப்பேன். வயிற்றைத் திறக்குமுன் நானும் எனக்கு உதவியாக நிற்கும் ஜோனும் ஒவ்வொரு பஞ்சுத் துணியையும், ஒவ்வொரு ஊசியையும் வாய்விட்டு எண்ணுவோம். உள்ளே எதுவும் விடுபடக்கூடாது என்று மூடுமுன் மறுபடி எண்ணுவோம். இரண்டு பேரும் ஒரே தொகையைச் சொல்லும்வரை கேணல் கையை நோயாளியின் மேல் மெதுவாக வைத்தபடி காத்திருப்பார். பயிற்சியில் ரப்பர் பொம்மைக்குக்கூட அப்படித்தான். அந்தப் பொம்மைக்கும் ஒரு முழுப் பெயர் வைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் நான் பழகிய வேலையெல்லாம் அந்தக் கூடாரத்துக்குள் எனக்குத் திரும்பிக் கிடைத்தது. விளக்கு அணைந்தால் என்ன செய்வது, தண்ணீர் குறைந்தால் எதை முதலில் நிறுத்துவது என்று கேணல் கேட்பார். நான் சொன்னால் கவனமாகக் கேட்டு, அடுத்த பயிற்சியில் அதைச் சேர்த்துவிடுவார். அவுஸ்திரேலியாவில் எனக்கு முதன்முதலாக 'என் இடம்' என்று தோன்றியது அந்தப் புல்வெளியில்தான்.

பிறகு ஒருமுறை உண்மையாகவே எங்களை அனுப்பினார்கள். வடக்கே ஒரு தீவு. பல வருடச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அங்கிருந்த ஆஸ்பத்திரி எரிந்து போயிருந்ததால் அதன் முற்றத்திலேயே எங்கள் கூடாரங்களைப் போட்டோம். கிளம்பும்போது அம்மா தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை மடித்து என் பைக்குள் வைத்தார். போர்த்துக்கொண்டு படுக்க என்றார்.

ஒரு மத்தியானம் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை மரக்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் ரோசா. முதல் பிள்ளை. நெடுநேரம் நோவெடுத்தும் பிள்ளை வரவில்லை. முகம் வெளிறியிருந்தது, நாடி விரலுக்கு அகப்படாமல் ஓடியது. வயிற்றைத் தொட்டவுடனேயே கர்ப்பப்பை கிழிந்துவிட்டது என்று கேணலுக்குத் தெரிந்துவிட்டது. உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும். ஆனால் கட்டிலின் ஒரு காலை ரோசாவின் தாய் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார். விடவில்லை. துப்பாக்கியோடு வாசலில் நின்ற எங்கள் காவலர்களைக் காட்டி உரத்த குரலில் ஏதோ சொன்னார்.

அங்கே எங்களுக்கு மொழிபெயர்க்கத் தெரெசா என்ற உள்ளூர்க் கன்னியாஸ்திரி இருந்தார். இப்படி உடுப்புப் போட்டவர்கள்தான் தன் புருஷனைக் கொண்டுபோனார்கள், திருப்பித் தரவில்லை, மகளையும் தரமாட்டேன் என்கிறார் என்று தெரெசா சொன்னார். நாங்கள் வேறு நாட்டுப் படை, இது ஆஸ்பத்திரி என்று யாரோ சொன்னார்கள். தெரெசா அதையும் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவின் கை இன்னும் இறுகியது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதான்.

கேணல் என் முகத்தைப் பார்த்தார். அம்மாவைப் பற்றியும் கராஜ் அலுமாரியைப் பற்றியும் ஒரு முகாமில் அவரிடம் சொல்லியிருந்தேன். "என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

காவலர்கள் தண்ணீர் லொறிக்கு அந்தப் பக்கம் போகட்டும், கட்டிலைத் தூக்குபவர்கள் சட்டையையும் பூட்ஸையும் கழற்றட்டும், இந்த அம்மாவும் உள்ளே வரட்டும் என்றேன். மயக்க மருந்து வைத்தியர், நோயாளியின் உறவினர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் வருவதா என்று மறுத்தார். "அவர் வருவார்," என்றார் கேணல். சொல்லிவிட்டுத் தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். என் அம்மாவும் இந்த உடுப்பைக் கண்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், அவர் பயப்படுவதில் பிழையில்லை, நீங்கள் பயப்படுவதிலும் பிழையில்லை என்று தெரெசாவைச் சொல்லச் சொன்னேன். மகள் கண் மூடும்வரை தலைமாட்டில் இருங்கள், பிறகு வாசலில் இருங்கள், திரையைத் திறந்தே வைப்போம், எங்கள் கைகளை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றேன். தெரெசா சொல்லி முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் என் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார்.

கேணல் குனிந்து ரோசாவின் முழுப் பெயரையும் சொன்னார். அவள் கண்ணால் ஆமென்றாள்.

வயிற்றைத் திறந்ததும் இரத்தம் மேசையால் வழிந்தது. பிள்ளை ஏற்கனவே இறந்திருந்தது. ஆண் பிள்ளை. கர்ப்பப்பையைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்தாக வேண்டும். நாங்கள் கொண்டுபோன இரத்தம் சீக்கிரமே முடிந்துவிட்டது. இப்படியொரு நிலைமைக்கென்று எங்களில் யார் யாருக்கு எந்த வகை இரத்தம் என்று முன்கூட்டியே சோதித்து வைத்திருந்தோம். கேணல் தலையைத் தூக்காமலே ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். சமையற்காரர் கென் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்துக் கூடாரத்தில் படுத்தார். ஒரு சாரதி வந்தார். லொறிக்குப் பின்னால் போகச் சொன்ன காவலர்களில் ஒருவனும், துப்பாக்கியை மற்றவனிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்தான். அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த இரத்தம் பையில் சூடாகவே வந்தது. பையை வாங்கிக் கொழுவிய ஜோன், வெந்நீர்ப் போத்தல் போல இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

மெல்ல மெல்ல இரத்தப்போக்கு நின்றது. மூடுமுன் எண்ணினோம். ஒரு பஞ்சுத் துணி குறைந்தது. மறுபடி எண்ணினோம், அதே குறை. நாடி பலவீனமாக இருக்கிறது, உடனே மூடுங்கள் என்று மயக்க மருந்து வைத்தியர் அவசரப்படுத்தினார். கேணல் அவளுடைய வயிற்றின் மேல் கைகளை வைத்தபடி அசையாமல் நின்று, "தேடுங்கள்," என்றார். ஜோன் முழங்காலில் இருந்து மேசையின் கீழ் தேடினாள். நான் உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு மடிப்பாகத் தடவினேன். வாசலில் இருந்த அம்மா அப்போது ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். வழிந்த இரத்தத்தோடு துணி மேசைக் காலடிக்கு ஊர்ந்து போய், தரைவிரிப்பின் மடிப்புக்குள் கிடந்தது. எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னோம் அல்லவா, அவர் அப்படியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஜோன் அதை எடுத்து எண்ணில் சேர்த்தாள். கேணல் வாசலைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டுத் தைக்கத் தொடங்கினார்.

ரோசா பிழைத்தாள். பிள்ளையைக் கழுவி எங்களுடைய பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அந்த அம்மா வாங்க மறுத்தார். இராணுவத் துணியில் வேண்டாம் என்றார். நான் போய் அம்மாவின் சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்து, யாருடையது என்று கேட்டார். என் அம்மாவுடையது என்றேன். பல்லால் கடித்துப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியில் பேரனைச் சுற்றிக்கொண்டு, மற்றப் பாதியை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்தபோது அம்மா அந்தப் பாதிச் சேலையைக் கண்டு என்ன நடந்தது என்று கேட்டார். வருடக்கணக்கில் அவர் கேட்காத கேள்வி அது. குசினி மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அம்மா சேலையின் கிழிந்த ஓரத்தைத் தடவிக்கொண்டு, "மிச்சத்தையும் குடுத்திட்டு வந்திருக்கலாம்," என்றார்.

அதற்காக அம்மா மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். சீருடை கராஜிலேயே இருந்தது. ஆனால் சில செவ்வாய்க்கிழமைகளில் நான் வெளிக்கிடும்போது கூப்பிட்டு, "அந்தப் பெட்டை இப்ப எப்பிடி இருப்பாள்?" என்று கேட்பார். தெரியாது அம்மா என்பேன். "தாய் பக்கத்தில நிண்டு பாத்திருப்பா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அம்மா இறந்தபோது ஜோனிடம் மட்டும்தான் சொன்னேன். செத்தவீட்டன்று மண்டபத்தில் நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. பார்த்தால் எங்கள் பிரிவு முழுவதும் வந்து நிற்கிறது. எல்லோரும் சாதாரண உடுப்பில். கென் வெள்ளைச் சட்டையும் பொருந்தாத கால்சட்டையும் போட்டிருந்தார். இறந்த வீட்டுக்குச் சீருடையோடு போவதுதான் அவர்கள் வழக்கம், அதுதான் மரியாதை. யாரும் சீருடையில் வரக்கூடாது என்று கேணல் சொல்லியிருந்தாராம். யார் உந்த வெள்ளைக்காரர் என்று என் மாமி கேட்டார். "என்னோட வேலை செய்யிற ஆக்கள் மாமி," என்றேன். கேணல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, அம்மாவின் காலடியில் நின்று, அம்மாவின் முழுப் பெயரையும் மெதுவாகச் சொன்னார். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. யாரிடம் கேட்டுப் பழகிக்கொண்டு வந்தாரோ தெரியாது.

இப்போது கேணலும் இல்லை. ஜோன் மெல்பேர்னில் மகளோடு, கிளென் வேவர்லியில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்றும் வருடங்களாகிவிட்டன. சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகிறேன், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிறேன். குறையொன்றுமில்லை. ஆனால் எங்கேயாவது ஈரப் புல்லில் கன்வஸ் துணி காயும் வாடை வந்தால், ஜெனரேட்டர் சத்தம் ஒன்று தூரத்தில் கேட்டால், எனக்குள்ளே ஏதோ எழும்பி நின்றுவிடுகிறது. அந்த மனிதர்களோடு ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து இன்னொருமுறை இழுக்க வேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் பழைய பெயரில் கடைசி அணிவகுப்பு நடந்தது. ஜோன் விமானத்தில் வந்தாள். கென் ஊன்றுகோலோடு வந்தார். நாங்கள் சாதாரண உடுப்பில், ஓரத்தில் போட்டிருந்த கதிரைகளில் இருந்தோம். கொடியை இறக்கி மடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அதன்பிறகு என்னிடம் ஒரு பக்கம் கேட்ட அந்த மேஜர் எங்கள் பக்கம் திரும்பி, பழைய ஆட்களும் வந்து அணியில் நில்லுங்கள் என்றார். எழும்பிப் போய் நின்றோம். முழங்கால்கள் ஒத்துழைக்காவிட்டாலும் இடைவெளி சரியாகத்தான் வந்தது. என் இடப்பக்கம் ஜோன், வலப்பக்கம் கென்.

கலைந்து செல்லும்படி ஆணை வந்தது. அந்த ஆணைக்கு வலப்பக்கம் திரும்பி, ஒரு கணம் நின்று, பிறகு நடந்து போக வேண்டும். எல்லோரும் திரும்பினோம். ஒரு கணம் நின்றோம். இளம் பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். எங்கள் வரிசை அசையவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் கென்னின் பிடரி மட்டும் தெரிந்தது. மேஜர் ஆணையைத் திருப்பிச் சொல்லாமல் பொறுமையாக நின்றார்.

கடைசியில் கென்தான் தன் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெதுவாக நடந்தோம்.